ஒரே மெனு கார்டை ஏழு முறை செய்யுங்கள்: வெப், கிராஃபிக் டிசைன் கற்கத் தொடங்குபவருக்கு ஒரு முழு வழிகாட்டி

உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ ஒரு மெஸ் இருக்கும். நாளைக் காலை அங்கே சாப்பிடப் போகும்போது, சுவரில் ஒட்டியிருக்கும் விலைப்பட்டியலை ஒரு தாளில் அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள். மெஸ்ஸின் பெயர், திறக்கும் நேரம், விடுமுறை நாள், பார்சல் உண்டா, போன் எண், இருபது இருபத்தைந்து பலகாரங்கள், அவற்றின் விலை. இந்த ஒரு தாள்தான் அடுத்த மூன்று மாதத்துக்கு உங்கள் பாடப் புத்தகம்.

புதிதாக டிசைன் கற்பவர்கள் பலர் திங்கட்கிழமை ஒரு லோகோ, புதன்கிழமை ஒரு சினிமா போஸ்டர், சனிக்கிழமை ஒரு ஆப் ஸ்கிரீன் என்று தாவுகிறார்கள். எல்லாமே பாதியில் நின்றுவிடுகிறது. நான் டிடிபி கடையில் வேலை கற்று, அப்புறம் வெப்சைட் வேலைக்கு வந்தவன். புதுப்புது வேலைகள் எனக்கு வேகத்தைக் கொடுத்தன. ஆனால் கை திருந்தியது, ஒரே கல்யாணப் பத்திரிகையை ஐந்தாவது கரெக்ஷனுக்காக மறுபடி திறந்து உட்கார்ந்த நேரங்களில்தான். விஷயம் மாறாமல் இருந்தால்தான், வடிவத்தில் செய்த மாற்றம் என்ன வேலை செய்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அதனால் ஒரே மெனுவை ஏழு முறை செய்யப் போகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கற்போம்.

கருவி பற்றிச் சுருக்கமாக

நம் ஊர் அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் கோரல்டிராவும் போட்டோஷாப்பும்தான் புழக்கம். கடை வேலைக்குப் போக நினைப்பவர் அவற்றை ஒருநாள் கற்றே ஆக வேண்டும். ஆனால் தொடங்குவதற்குக் காசு தேவையில்லை. வரைவதற்கு இங்க்ஸ்கேப், படம் திருத்த கிம்ப், அச்சுக்கு ஃபைல் தயாரிக்க ஸ்கிரைபஸ், திரை வேலைக்கு ஃபிக்மாவின் இலவசக் கணக்கு. இவற்றில் வரைய ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் அதை விட்டு நகராதீர்கள். வெப் பக்கத்தின் நிரலை எழுத விஎஸ் கோட் என்ற மென்பொருள் போதும். ரெடிமேட் டெம்ப்ளேட்டை இந்த மூன்று மாதமும் தொட வேண்டாம். யாரோ ஒருவர் ஏற்கெனவே எடுத்த முடிவுகளில் எழுத்தை மட்டும் மாற்றினால், முடிவெடுக்கும் பழக்கம் உங்களுக்கு எப்போதும் வராது.

முதல் சுற்று: மனம் போனபடி செய்து எடுத்து வையுங்கள்

ஏ4 அளவில், உங்களுக்கு எது அழகாகத் தோன்றுகிறதோ அப்படிச் செய்யுங்கள். வாழை இலை படம், தங்க நிற பார்டர், நிழல் விழும் எழுத்து எல்லாம் போடலாம். ஒரு நாளுக்கு மேல் செலவிட வேண்டாம். அச்சடித்து, பின்பக்கம் தேதி எழுதி, ஒரு ஃபைலில் வைத்துவிடுங்கள். கடைசியில் இதை வெளியே எடுப்போம்.

தினமும் அரை மணி நேரம்: கண்ணுக்குப் பயிற்சி

இது சுற்றுகளில் சேராது. எல்லாச் சுற்றுகளோடும் கூடவே நடக்க வேண்டியது. தினம் ஒரு அச்சுப் பொருளைக் கையில் எடுங்கள். பஸ் டிக்கெட், தீப்பெட்டி, மாத்திரை அட்டை, கோயில் கொடை நோட்டீஸ், மின்கட்டண ரசீது, எதுவானாலும் சரி. ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். ஓரத்தில் எத்தனை மில்லிமீட்டர் விட்டிருக்கிறார்கள்? எத்தனை எழுத்து அளவுகள்? எத்தனை நிறங்கள்? கண் முதலில் எங்கே போனது, இரண்டாவதாக எங்கே? நான்கு வரியில் குறித்து வையுங்கள்.

வாரம் ஒரு நாள், பார்த்ததை அப்படியே வரைந்து பாருங்கள். முதல் வாரத்துக்கு ₹ குறியீட்டைச் சொல்வேன். 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு ஏற்றுக்கொண்ட இந்தக் குறியீட்டை வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. உதயகுமார், மும்பை ஐஐடியில் தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்தவர். தேவநாகரியின் ‘ர’ எழுத்தும், நேர்க்கோடு நீங்கிய ரோமன் ‘ஆர்’ எழுத்தும் ஒன்றாகச் சேர்ந்தது அது. பார்க்க எளிது, வரைந்து பார்த்தால்தான் கஷ்டம் புரியும். மேலே இரண்டு கிடைக்கோடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? வளைவு எங்கே தொடங்கி எங்கே மூடுகிறது? சாய்ந்து இறங்கும் கால் எந்தக் கோணத்தில் இறங்குகிறது? பத்து முறை தப்பாக வரைந்த பிறகு கோட்டின் தடிமன் என்றால் என்ன என்று விரலே சொல்லும்.

அதேபோல ஓவியர் கே.எம். ஆதிமூலம் இதழ்களுக்கும் புத்தக அட்டைகளுக்கும் எழுதிய தலைப்பு எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். தமிழ் எழுத்து எவ்வளவு தூரம் வளைந்துகொடுக்கும், எந்த இடத்தில் வளையவே கூடாது என்பதற்கு அவை நல்ல பாடம்.

இரண்டாம் சுற்று: கறுப்பு வெள்ளை, ஒரே எழுத்துரு, மூன்றே அளவு

நிறம், படம், பார்டர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரே எழுத்துரு. மூன்று அளவுகள் மட்டும்: மெஸ்ஸின் பெயருக்கு 40 புள்ளி (பாயின்ட்), ‘காலை’, ‘மதியம்’, ‘இரவு’ போன்ற தலைப்புகளுக்கு 20, பலகாரங்களுக்கு 14. வேண்டுமானால் தடித்த எழுத்து ஒரு இடத்தில் வரலாம்.

கணினியில் உட்காரும் முன், எழுதி வந்த பட்டியலைக் கத்தரித்துத் துண்டு துண்டாக்குங்கள். மேஜையில் பரப்பி, சாப்பிட வருகிறவர் எப்படி யோசிப்பார் என்ற வரிசையில் அடுக்குங்கள். சுவர்ப் பட்டியலில் இட்லிக்கு அடுத்து சாப்பாடு, அதற்கடுத்து டீ என்று இருக்கும். மாஸ்டருக்கு நினைவு வந்த வரிசை அது. இட்லி, பொங்கல், பூரி ஒரு கூட்டம். சாப்பாடு, தயிர்சாதம் ஒரு கூட்டம். தோசை வகைகள் ஒரு கூட்டம். டீ, காபி தனி. டிசைனில் பாதி வேலை இந்த மேஜையிலேயே முடிந்துவிடுகிறது.

அடுத்தது விலை. பலகாரத்தின் பெயரை இடது ஓரத்திலும் விலையை வலது ஓரத்திலும் வைப்பது எல்லோரும் செய்வது. ஏ4 அகலத்தில் அப்படி வைத்தால் நடுவில் பத்து சென்டிமீட்டர் வெற்றிடம் வரும். ரவா தோசையில் புறப்பட்ட கண் ஊத்தப்பத்தின் விலையில் போய் இறங்கும். அதை மறைக்கத்தான் புள்ளிப்புள்ளியாகக் கோடு போடுகிறார்கள். கோடு போடுவதைவிட, பட்டியலை இரண்டு பத்தியாக்கி, விலையைப் பெயருக்குப் பக்கத்தில் கொண்டுவருவது நல்லது. இலக்கங்களை வலப்பக்கமாக ஒழுங்கு செய்யுங்கள். 8-ம் 40-ம் 120-ம் ஒன்றுக்குக் கீழ் ஒன்று நேராக நிற்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் ₹ போடத் தேவையில்லை. மேலே ஒரு முறை ‘விலை ரூபாயில்’ என்றால் போதும்.

முடித்ததும் சுவரில் ஒட்டி, மூன்று மீட்டர் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எழுத்துகள் மங்கி, வெறும் சாம்பல் திட்டுகளாகத் தெரியும். எத்தனை திட்டுகள் என்று எண்ண முடிந்தால் கூட்டங்கள் சரியாகப் பிரிந்திருக்கின்றன. எல்லாம் ஒரே திட்டாகத் தெரிந்தால் மறுபடி மேஜைக்குப் போகத்தான் வேண்டும்.

மூன்றாம் சுற்று: இடைவெளி

எழுத்துரு, அளவு எதையும் மாற்றாமல் இடைவெளிகளை மட்டும் மாற்றுங்கள். ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து அதன் மடங்குகளை மட்டும் பயன்படுத்துவது நல்ல பழக்கம். திரை வேலையில் பலர் 8-ஐ வைத்துக்கொள்கிறார்கள்: 8, 16, 24, 32, 48.

தொடங்குபவர்களின் வேலையில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இது: ‘மதியம்’ என்ற தலைப்புக்கு மேலேயும் கீழேயும் ஒரே இடைவெளி. அந்தத் தலைப்பு மேலே உள்ள காலைப் பலகாரங்களுக்குச் சொந்தமா, கீழே உள்ள சாப்பாட்டுக்குச் சொந்தமா என்று கண் தடுமாறும். தலைப்புக்குக் கீழே 8 புள்ளி விட்டால் மேலே 32 விடுங்கள். சொந்தக்காரர்கள் நெருக்கமாக நிற்க வேண்டும்.

இன்னொன்று, எல்லாவற்றையும் நடுவில் வைக்கும் பழக்கம். கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் சுழியிலிருந்து கீழே வரை எல்லாம் நடுவாக நிற்பது அழகுதான். ஒவ்வொரு வரியும் அங்கே தனியாக, நிதானமாகப் படிக்கப்படுகிறது. மெனுவை யாரும் அப்படிப் படிப்பதில்லை. மேலிருந்து கீழே கண்ணை ஓட்டித் தேடுகிறார்கள். தேடும் கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நேரான இடது ஓரம் வேண்டும்.

நான்காம் சுற்று: தமிழ் எழுத்து

இங்கே நிறைய நேரம் செலவிடுங்கள். இரண்டு வாரம்கூட எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் கிடைக்கும் பாடங்கள் எல்லாம் ரோமன் எழுத்துக்காக எழுதப்பட்டவை. அவற்றின் விதிகளை அப்படியே தமிழில் போட்டால் வேலை இடறும். தமிழ் டிசைன் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறவன் நான். அதனால் இந்தப் பகுதியை மட்டும் ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் குறிமுறை, அதாவது கணினி எழுத்தைச் சேமிக்கும் முறை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் நீங்கள் அடிப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத ஆங்கிலக் கிறுக்கல் வரும். கூகுளில் தேடினால் கிடைக்காது. அச்சகத்தில் பழைய ஃபைல் திறக்க இது தேவைப்படலாம். உங்கள் சொந்த வேலை எல்லாம் யூனிகோடில், அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் முறையில், இருக்கட்டும். பழைய ஃபைலிலிருந்து எடுத்தால், மாற்றித் தரும் கருவியில் போட்டு மாற்றிவிட்டு ஒவ்வொரு வரியையும் கண்ணால் சரிபாருங்கள்.

ஏன் சரிபார்க்க வேண்டும் என்றால், இரண்டு பிழைகள் அப்படியே ஒளிந்துகொண்டு வரும். ‘அவர்கள்’ என்பதில் ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்த ‘ா்’ இருக்கும். அதேபோல ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தனித்தனியாக வந்து நிற்கும். அச்சில் பலர் கண்டுகொள்ள மாட்டார்கள். வெப் பக்கத்தில் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. வாசித்துச் சொல்லும் மென்பொருள் அந்த இடத்தில் தடுமாறும்.

போட்டோஷாப்பில் தமிழ் அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, ‘கொ’ உடைந்து வருகிறது என்று பலர் யூனிகோடையே கைவிட்டுவிடுகிறார்கள். கோளாறு யூனிகோடில் இல்லை. ப்ரிஃபரன்ஸில் எழுத்துக்கான பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான, அதாவது ‘வேர்ல்ட் ரெடி’ அமைப்பைத் தேர்ந்தெடுத்துப் புது ஃபைல் திறந்தால் சரியாகிவிடும். இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் இரண்டிலும் பத்தி அமைப்பில் இதே மாதிரி ஒரு தேர்வு இருக்கிறது.

எழுத்துருத் தேர்வுக்கு வருவோம். கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாக, திறந்த உரிமத்தோடு கிடைப்பவற்றில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, அனேக் தமிழ், டிரோ தமிழ் ஆகிய ஐந்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். மெனுவின் ஒரே பத்தியை ஐந்திலும் அமைத்து அச்சடித்துப் பாருங்கள். எல்லாம் 14 புள்ளிதான், ஆனால் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாகத் தெரியும். புள்ளி அளவை நம்பாமல் கண்ணை நம்பக் கற்கும் இடம் இது. அனேக் தமிழில் தடிமனை மட்டுமின்றி அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம் என்பதால், நீளமான தலைப்புகளுக்கு ரொம்ப உதவும்.

ஒவ்வொரு எழுத்துருவையும் இந்தச் சொற்களால் சோதியுங்கள்: ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீ, காரம், கூட்டு, இஞ்சி, ஊத்தப்பம், ₹120. ‘காரம்’ என்பதில் துணைக்காலும் ரகரமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தால் அந்த எழுத்துரு பட்டியலுக்கு ஆகாது, எவ்வளவு ஸ்டைலாக இருந்தாலும் சரி. ‘ஞ்சி’ தடித்த எழுத்தில் அடைத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். ₹ குறியும் இலக்கங்களும் அந்த எழுத்துருவில் இல்லையென்றால், கணினி வேறொரு எழுத்துருவிலிருந்து எடுத்து ஒட்டும்; விலைகள் மட்டும் அந்நியமாகத் தெரிவது அதனால்தான்.

வரி இடைவெளியில் ஆங்கிலப் பழக்கம் நமக்குப் போதாது. தமிழில் ‘கீ’, ‘மீ’, புள்ளி எல்லாம் மேலே ஏறுகின்றன. ‘ர’, ‘ழ’, ‘ற’, ‘கு’, ‘மூ’ கீழே இறங்குகின்றன. மேல் வரியின் காலும் கீழ் வரியின் விலங்குச்சுழியும் இடித்துக்கொண்டால் வாசிப்பவர் காரணம் தெரியாமலே களைத்துப்போவார். ஓடும் பத்திக்கு எழுத்தளவைப் போல 1.6 முதல் 1.8 மடங்கு வைத்துப் பாருங்கள். பெரிய தலைப்பு இரண்டு வரியில் வந்தால் 1.3 வரை இறக்கலாம், இடிக்காமல் இருக்கும் வரை.

நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு கிடையாது. சாய்வெழுத்தும் நம் மரபில் இல்லை. கணினி நேரான எழுத்தைத் தள்ளிச் சாய்த்துக் காட்டும், அது விழப்போவது போலவே இருக்கும். எதையாவது தனித்துக் காட்ட வேண்டுமென்றால் அளவு, தடிமன், நிறம், இடைவெளி என்ற நான்குதான் நம் கையில். தடித்த வடிவமே இல்லாத எழுத்துருவில் தடிமன் பொத்தானை அழுத்தினால், கணினி ஓரங்களைப் பூசிப் போலியாகத் தடிக்க வைக்கும். உண்மையான தடித்த வடிவம் உள்ள எழுத்துருவையே எடுங்கள்.

சொற்களின் நீளமும் ஒரு விஷயம். ‘ஞாயிற்றுக்கிழமைகளில்’ என்பது ஒரே சொல். குறுகிய பத்தியில் இருபக்கமும் சமமாக நிறுத்தினால், சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும். இடப்பக்கம் ஒழுங்கு செய்து, வலப்பக்கத்தை ஏற்ற இறக்கமாகவே விடுங்கள்.

அப்புறம் எழுத்துப் பிழை. ‘தொடர்பு கொள்ள’ என்பதற்கு நடுவே ஒரு ‘க்’ சேர்த்த ஃப்ளெக்ஸ்கள் ஊரெங்கும் தொங்குகின்றன. வாடிக்கையாளர் எழுதித் தந்ததை அப்படியே போட்டேன் என்று சொல்லலாம்தான். ஆனால் தமிழில் வேலை செய்கிறவர் தமிழைத் திருத்தித் தருவதும் வேலையின் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன். சந்தேகம் வந்தால் அகராதியைத் திறங்கள். வீட்டில் தமிழாசிரியர் யாராவது இருந்தால் ஒரு முறை காட்டுங்கள்.

ஐந்தாம் சுற்று: நிறம்

கறுப்பும் வெள்ளையுமாகவே நன்றாக நிற்கும் மெனு இப்போது உங்களிடம் இருக்கிறது. அதற்கு ஒரே ஒரு நிறம் சேர்க்கலாம். எங்கே சேர்ப்பது? மெஸ்ஸின் பெயருக்கு, தலைப்புகளுக்கு. அவ்வளவுதான். மெஸ்ஸின் சுவரிலேயே, பெயர்ப் பலகையிலேயே ஒரு நிறம் இருக்கும், அதை எடுங்கள்.

எழுத்தும் பின்னணியும் எவ்வளவு வேறுபட வேண்டும் என்பதற்குத் திரை உலகில் ஒரு அளவு உண்டு. வெப் அணுகல்தன்மைக்கான சர்வதேச நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாட்டையும், பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்ற வேறுபாட்டையும் கேட்கிறது. வெள்ளையில் கறுப்பு 21-க்கு 1. வெள்ளையில் 777777 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் 4.48, ஒரு மயிரிழையில் தவறுகிறது. 767676 தேறிவிடும். திரையின் சுத்தச் சிவப்பு, வெள்ளைப் பின்னணியில் 4 மட்டுமே. நமக்குப் பழகிப்போன மஞ்சளில் சிவப்பு 3.7 அளவுதான், பெரிய தலைப்புக்கு ஆகும், விலைப்பட்டியலுக்கு ஆகாது. வெள்ளையில் மஞ்சள் ஏறக்குறைய 1, இருப்பதே தெரியாது. சிவப்பையே விரும்பினால் கொஞ்சம் கறுப்பு கலந்து குங்கும நிறத்துக்குக் கொண்டுபோங்கள். அறுபது வயதில், மெஸ்ஸின் மங்கலான டியூப்லைட் வெளிச்சத்தில், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் படிக்க வேண்டிய தாள் இது.

ஆறாம் சுற்று: அச்சுக்கு அனுப்புவது

கடையில் நான் சேர்ந்த முதல் வருடம் ஒரு பத்திரிகையின் பின்னணிக்குத் திரையில் பார்த்து ஆசைப்பட்டு அடர்நீலம் வைத்தேன். 500 பிரதியும் ஊதாவாக வந்தன. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. பெண் வீட்டார் திட்டவில்லை. தாளைத் தடவிப் பார்த்துவிட்டு அமைதியாக வாங்கிக்கொண்டு போனார்கள். அது இன்னும் மனதில் நிற்கிறது.

தவறு என்னுடையது. திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒளிகளால் நிறம் காட்டுகிறது. ஆஃப்செட் இயந்திரம் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் அச்சடிக்கிறது. திரையின் பளீர் நீலம் எந்த மைக் கலவையிலும் கிடைக்காது. சயானும் மெஜந்தாவும் சமமாக விழுந்தால் ஊதாதான் வரும். நீலம் வேண்டுமென்றால் மெஜந்தாவை சயானைவிட 30 சதவீதமாவது குறைத்து வையுங்கள். ஃபைலைத் தொடக்கத்திலேயே இந்த நான்கு மைகளுக்கான சிஎம்ஒய்கே முறையில் அமைத்து, அச்சகத்தில் ஒரு ப்ரூஃப் (மாதிரி அச்சு) கேட்டு, அதைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏ4 என்பது 210-க்கு 297 மில்லிமீட்டர். ஓரம் வரை நிறம் போகிறது என்றால் நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு 216-க்கு 303 ஆக ஃபைல் அமையுங்கள், கட்டிங்கில் வெள்ளைக் கோடு விழாது. எழுத்து எதுவும் ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் வர வேண்டாம். படங்களுக்கு 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல். அந்தக் கணக்கில் 1600 பிக்சல் அகலப் படம் பதின்மூன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்குத்தான் தாங்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படம் சுருங்கியிருக்கும் என்பதால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும், 100 சதவீதம். நான்கு மையும் கலந்த கறுப்பு போட்டால் அச்சுத் தட்டு இம்மி விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிழல் தட்டும். எழுத்தைக் கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக, மாற்றி அனுப்புங்கள், ஆனால் திருத்தக்கூடிய பிரதியை வேறு பெயரில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தோசை விலை அடுத்த மாதமே ஏறும்.

ஏழாம் சுற்று: அதே மெனு, வெப் பக்கமாக

இந்த மெனுவைப் படமாக மாற்றி ஒரு பக்கத்தில் ஒட்டினால் வெப்சைட் ஆகிவிடாது. போனில் விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்க வேண்டியிருக்கும். தேடலில் வராது. பார்வையற்றவரின் போன் அதில் உள்ளதை ஒழுங்காக வாசித்துச் சொல்லாது. எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும்.

முதல் மூன்று நாள் சிஎஸ்எஸ் வேண்டாம், எச்டிஎம்எல் மட்டும். எது தலைப்பு, எது அட்டவணை என்று டேக் என்ற குறிகளால் சொல்வது எச்டிஎம்எல்; அது எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்வது சிஎஸ்எஸ். மெஸ்ஸின் பெயர் முதல் நிலைத் தலைப்பு, ‘காலை’, ‘மதியம்’ இரண்டாம் நிலைத் தலைப்புகள், பலகாரமும் விலையும் ஒரு அட்டவணை. இரண்டாம் சுற்றில் மேஜையில் அடுக்கினீர்களே, அதே வரிசைதான். பக்கத்தின் மொழி தமிழ் என்று முதல் டேக்கிலேயே குறித்துவிடுங்கள். வாசித்துச் சொல்லும் மென்பொருள் தமிழ்க் குரலை எடுக்க அது உதவும். போன் எண்ணை, தொட்டால் அழைப்பு போகும் இணைப்பாக்குங்கள். எந்த அலங்காரமும் இல்லாத இந்தப் பக்கத்தை போனில் திறந்து படித்துப் பாருங்கள். மேலிருந்து கீழே ஒழுங்காகப் படிக்க முடிகிறதென்றால் எலும்புக்கூடு சரி.

பக்கத்தைப் போனின் அகலத்துக்கே வரையச் சொல்லும் வியூபோர்ட் வரியை எச்டிஎம்எல்லில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் போன் உங்கள் பக்கத்தைப் பெரிய கணினித் திரைக்கானது என்று நினைத்து, ஏறக்குறைய 980 பிக்சல் அகலத்தில் வரைந்து, அப்படியே சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பாகத் தெரிவது அதனால்தான்.

அடுத்து சிஎஸ்எஸ். முதலில் பெட்டியைப் புரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு பெட்டி: நடுவில் உள்ளடக்கம், அதைச் சுற்றி பேடிங் என்ற உள் இடைவெளி, பிறகு பார்டர், வெளியே மார்ஜின் என்ற வெளி இடைவெளி. கணினியில் எஃப்12 விசையை அழுத்தினால் எந்த வெப்சைட்டின் பெட்டிகளையும் திறந்து பார்க்கலாம், எண்களை மாற்றிக்கூடப் பார்க்கலாம். தீப்பெட்டியை ஸ்கேலால் அளந்தீர்களே, அதையேதான் இங்கேயும் செய்கிறீர்கள்.

360 பிக்சல் அகலத்துக்கு முதலில் செய்யுங்கள். நிறைய ஆண்ட்ராய்டு போன்களின் அகலம் அதையொட்டித்தான் இருக்கிறது. ஒரே பத்தி, எழுத்து 17 அல்லது 18 பிக்சல், வரி உயரம் 1.7. பொத்தான்களுக்கு நிலையான அகலம் கொடுக்க வேண்டாம். பேடிங் கொடுத்தால் ‘முன்பதிவு செய்ய’ என்ற நீளத்துக்கும் ‘அழை’ என்ற நீளத்துக்கும் அதுவே விரிந்து சுருங்கும். விரல் படும் உயரம் 48 பிக்சல் இருக்கட்டும். போனில் எல்லாம் சரியாக வந்த பிறகு திரையை அகலமாக்கி, எந்த இடத்தில் பக்கம் வெறிச்சோடுகிறது என்று பாருங்கள். அங்கே இரண்டு பத்தியாக்குங்கள். பெட்டிகளை அடுக்க சிஎஸ்எஸ்ஸில் உள்ள முறைகளில் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் முதலில், கிரிட் அப்புறம்.

போன் கேமராவில் எடுத்த பொங்கல் படம் 4000 பிக்சல் அகலமும் பல மெகாபைட் எடையும் இருக்கும். 1200 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமித்து, 150 கிலோபைட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஒரு நல்ல படம் போதும். எழுத்துருவிலும் தேவையான தடிமன்களை மட்டும் ஏற்றுங்கள், பெரும்பாலும் இரண்டு. படத்தைப் பார்க்க முடியாதவருக்கான மாற்று வரியில் ‘படம்1’ என்று எழுதாமல், ‘வாழை இலையில் வெண்பொங்கல், சாம்பார், சட்னி’ என்று எழுதுங்கள்.

முடிந்ததும் கிட்ஹப் பேஜஸ் என்ற இணையச் சேவையில் இலவசமாக ஏற்றலாம். அந்த முகவரி உங்கள் வேலையைக் காட்டும் முதல் பக்கம். அதோடு, இரண்டாம் சுற்றிலிருந்து ஆறாம் சுற்று வரை செய்த தாள்களையும் போட்டோ எடுத்து, எதை ஏன் மாற்றினேன் என்று இரண்டிரண்டு வரி எழுதிச் சேருங்கள். வேலை தருகிறவருக்குப் பளபளப்பான இருபது போஸ்டர்களைவிட இந்தத் தாள்கள் அதிகம் சொல்லும்.

மறுபடி மெஸ்ஸுக்கு

முதல் சுற்றில் எடுத்து வைத்த தாளையும் ஆறாம் சுற்றின் அச்சையும் எடுத்துக்கொண்டு, கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து மெஸ்ஸுக்குப் போங்கள். உரிமையாளரிடம் அண்ணாச்சி, அக்கா என்று எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிட்டு, கற்றுக்கொள்வதற்காகச் செய்தேன் என்று சொல்லுங்கள். எது நன்றாக இருக்கிறது என்று கேட்காதீர்கள். நம்மேல் உள்ள பிரியத்தில் எல்லாமே நன்றாக இருக்கிறது என்பார்கள். அதற்குப் பதிலாக, சாப்பிட வந்த ஒருவரிடம் முதல் தாளைக் கொடுத்து, ரவா தோசை எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை இரவு கடை உண்டா என்று மட்டும் கேளுங்கள். இன்னொருவரிடம் ஆறாம் தாளைக் கொடுத்து அதையே கேளுங்கள். மூன்றாமவரிடம் போனில் பக்கத்தைத் திறந்து கொடுங்கள்.

கேட்டுவிட்டு வாய் திறக்காதீர்கள். ‘கீழே பாருங்க சார்’ என்று உதவாதீர்கள். அவர் விரல் எங்கே தொடங்கி எந்த வழியாகப் போகிறது, எந்த வரியில் நின்று திரும்பி வருகிறது, தாளை எப்போது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார் என்பதை மட்டும் பாருங்கள். விரல் தயங்கிய இடங்களை ஆறாம் தாளிலேயே பென்சிலால் வட்டமிட்டு, வீட்டுக்கு வந்து, அந்த இடங்களை மட்டும் மாற்றி மறுபடி அச்சடியுங்கள்.